ஃபில்டருக்குள் மினுங்கியது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஃபாஜிலுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஆயில் மாற்ற வரும் எந்தக் காரின் பழைய ஃபில்டரையும் அவர் அப்படியே தூக்கிப் போடமாட்டார். தகரத்தை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை உருவி, எண்ணெயைப் பிழிந்துவிட்டு விரித்துப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வெட்டுவதற்கு ஆக்ஸா பிளேடு கூடாது. பிளேடின் இரும்புத்தூள் உள்ளே விழுந்து ஆளை ஏமாற்றிவிடுமாம். தகரம் வெட்டும் கத்தரிதான்.

மற்ற நாளாக இருந்தால், காரைக் கொண்டுவந்திருந்த இசைவாணி சிரித்திருப்பாள். இந்தத் திங்கட்கிழமை அவர் கத்தரியைக் கையில் எடுத்ததுமே அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். காரில் என்ன கோளாறு என்று ஃபாஜில் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லண்ணே, ஆயில் மாத்தணும்" என்று சொல்லிவைத்திருந்தாள். அது முழுப் பொய்.

அவள் கணவன் அறிவுச்செல்வன் பள்ளிக்கூட ஆசிரியர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து ஒன்றரை வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவர்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். வருகிறேன் என்ற ஆட்டோக்காரர் இரண்டு தடவை வராமல் போனபிறகு, திருவையாற்றில் ஒருவரிடம் இருபது வருடம் ஓடிய இந்த வெள்ளைக் காரை வாங்கினார்கள். சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாதவள் கார் ஓட்டப் படித்தாள். "இது காரு இல்ல, என் கிட்னி" என்று அவர் கிண்டலாகச் சொல்வதில் பாதி கிண்டலே கிடையாது.

போன சனிக்கிழமை அம்மாபேட்டை தாண்டியதும் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் போய்விடும் என்று ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நூறு முறை சொல்லியிருந்தார். அவள் நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டில் கணவர் கால் வீங்கி, மூச்சு வாங்க, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எரியும் விளக்கோடு ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டினாள். திரும்பும்போதும் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அதை அவரிடம்கூட அவள் சொல்லவில்லை. கிட்னியைக் கொன்றுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஃபாஜில் காகிதத்தில் பாதியை அறுத்து எடுத்தார். மூலையில் கிடந்த வேஸ்ட் துணி ஒன்றில் சுற்றி, வைஸில் வைத்து இறுக்கினார். கறுப்பு எண்ணெய் சொட்டி முடிந்ததும் காகிதத்தைப் பிரித்து, செய்தித்தாளில் பரப்பி வெயிலில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

மடிப்புகளில் பொன்னிறமாகத் துகள்கள் மினுங்கின. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒன்றுகூட ஒட்டவில்லை.

"இரும்பு இல்ல தங்கச்சி" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "உள்ள இருக்குற பித்தளைப் பேரிங்தான் தேஞ்சு வருது. இன்ஜின இறக்கணும். பார்ட்ஸ் வந்து சேர பதினஞ்சு நாள் ஆயிரும்."

பதினைந்து நாளில் ஆறு டயாலிசிஸ். ஒன்று தள்ளிப்போனாலே அவர் படும் பாட்டைப் பார்த்தவள் அவள். நாளை விடிந்தால் செவ்வாய். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எல்லாம் என்னாலதாண்ணே" என்று உடைந்தாள். "சனிக்கெழம ரெட் லைட் எரிஞ்சுச்சு. நிறுத்தாம ஓட்டிட்டேன்."

அவளோடு வந்து, ஒர்க்‌ஷாப் ஓரத்தில் போட்டிருந்த பழைய கார் சீட்டில் உட்கார்ந்திருந்த அறிவுச்செல்வன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் குடியைக் கெடுத்த அந்தத் துகள் எப்படித்தான் இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். ஒன்று சுருண்டிருந்தது. இரும்போ பித்தளையோ இப்படித் தலைமுடிபோலச் சுருளுமா? வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நெம்பினாள். கூடவே ஒரு நூல் வந்தது.

"அண்ணே, இது ஜரிகை!"

"இன்ஜினுக்குள்ள ஜரிகை எப்படிம்மா வரும்?"

அவள் பதில் சொல்லாமல் வைஸில் தொங்கிய துணியைப் பிடுங்கிப் பிரித்தாள். கறுப்பெண்ணெய்க்கு அடியில் அரக்குச் சிவப்பு. ஓரத்தில் பாதி உதிர்ந்துபோன மாங்காய்க் கரை. போன மாதம் அவளே கொண்டுவந்து போட்ட பழந்துணி மூட்டையில், பூச்சி அரித்த அவளுடைய கல்யாண ஜாக்கெட்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

ஃபாஜில் நம்பவில்லை. கண்ணால் கண்டதையே காந்தம் வைத்துப் பார்க்கிற மனிதர் ஆயிற்றே. தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்க வருபவர்கள் ஜரிகையைக் கொளுத்திப் பார்ப்பது இசைவாணிக்குத் தெரியும். அந்த நூலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ரோட்டோரம் போய்த் தீக்குச்சி கிழித்தாள். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. பட்டு எரிந்துபோய், மெல்லிய தகடு மட்டும் ஊக்கு நுனியில் மிஞ்சியது.

"இன்னும் பாதி தொடாமத்தானே இருக்கு?" என்றாள்.

இந்த முறை ஃபாஜில் துணியையே கிட்டே சேர்க்கவில்லை. மிச்சக் காகிதத்தை வெறும் கையால் பிழிந்து, ஒவ்வொரு மடிப்பாக விரலால் தடவிப் பார்த்தார். கறுப்பு. வெறும் கறுப்பு. மினுக்கம் மருந்துக்கும் இல்லை. பிறகு புது ஃபில்டர் மாட்டி, ஆயில் ஊற்றி, மீட்டர் வைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். ஆயில் அழுத்தம் சரியாக இருந்தது. விளக்குக்குப் போகும் சுவிட்ச்தான் எண்ணெய் கசிந்து ஊறிக் கிடந்தது.

"இந்த சுவிட்ச் பொய் சொல்லிருக்கு, அவ்ளோதான். மாத்திடுறேன். நாளைக்கித் தாராளமா போங்க" என்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "இருபது வருஷமா பிளேடு தூள் விழுந்துருமேன்னு பாத்துப் பாத்து வெட்டுனவன், கடைசீல ஒரு ஜாக்கெட்ல கவுந்துட்டேனே!"

இசைவாணி அந்தக் கார் சீட்டில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக மூச்சு விட்டாள். மூன்று நாளாக விடாத மூச்சு அது.

"அந்த லைட்ட நானும் பாத்தேன், இசை" என்றார் அறிவுச்செல்வன்.

"நீங்க கண்ண மூடிட்டுல்ல இருந்தீங்க?"

"பாத்துட்டுத்தான் மூடுனேன். சொன்னா நிறுத்திருவியேன்னு பயம். காரு போனா போகுது, என்னக் கொண்டுபோயி சேத்துட்டாப் போதும்னு இருந்துச்சு. அத உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா."

அவள் எண்ணெய்க் கையோடு அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. மூன்று நாள் இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துப் பிழைத்திருக்கிறார்கள், ஒரே விளக்குக்காக.

செவ்வாய்க்கிழமை விடியலில் அவள் சாவியைத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் பிடித்ததும் அணைந்தது. இரண்டு பேருடைய கண்ணும் அதன்மேல்தான் இருந்தது.

"அணைஞ்சிருச்சு" என்றார் அவர், வாய்விட்டு.

"ஆமாங்க, நானும் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் கியரைப் போட்டாள்.