ஜமால் ஹார்டுவேர்ஸில் கிடைத்த பெயர்

ஃபிளெக்ஸைக் கடைத் தரையில் விரித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஓரத்தில் துபாய்க் கட்டடங்கள். இன்னொரு ஓரத்தில் கூலிங்கிளாஸ் போட்ட என் கணவர். நடுவில் கொட்டை எழுத்தில் ‘ஜமீல் டெய்லர்ஸ்’. அவர் இருப்பதோ தம்மாமில், ஓட்டுவதோ கிரேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனிதர்.

“எப்படி அண்ணி? சொல்லாம செஞ்சேன்,” என்றான் என் கொழுந்தன் இம்தியாஸ், பல்லெல்லாம் தெரிய.

“தைக்கிறது நானு. எம் பேரு எங்க?”

“ஆம்பளை பேரு இருந்தாத்தான் அண்ணி கடைன்னு நாலு பேரு மதிப்பான்.”

பாலக்கரையில் வருடக்கணக்காக வீட்டு ஹாலில் உட்கார்ந்து தைத்தவள் நான். ரவிக்கை கச்சிதமாக அமைந்தால் ‘ஜமீல் வீட்டுல தச்சது’ என்பார்கள். இறுக்கிப் பிடித்தால் மட்டும் என் கை வேலை என்று தெரிந்துவிடும். இம்தியாஸுக்கும் வெளியாரிடம் நான் ‘அண்ணன் சம்சாரம்’தான். இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்த்தான் கடையே பிடித்தேன். ஒரு தடவை போர்டு ஏறிவிட்டால் ஊர் வாயிலும் பில் புக்கிலும் அந்தப் பெயர்தான் நிற்கும். அப்புறம் மாற்ற முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து திறப்பு. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று. வேறு ஃபிளெக்ஸ் அடிக்கலாம் என்று போன் போட்டால், ஆடி மாதம், மெஷினில் அம்மன் கோயில் ஃபிளெக்ஸ்தான் ஓடுகிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள்.

“போர்டு இல்லாம கடை திறந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கு இதையே மாட்டிடுறேன்,” என்று சொல்லிவிட்டு இம்தியாஸ் அஸர் தொழுகைக்குப் போய்விட்டான்.

என்னோடு ஆரி வேலை செய்யும் பானுப்ரியா, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வருகிறவள், வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தது ஆணிக்கடை. ‘ஜமால் ஹார்டுவேர்ஸ்’ என்று ஆங்கிலத்தில், ஒவ்வொன்றும் ஒரு முழ உயரத்தில், எவர்சில்வர் எழுத்துகள் இன்னும் அப்படியே இருந்தன.

“அக்கா, இதைக் கழட்டி நம்மளே ஒரு பேரு வச்சா என்ன?”

பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் போனில் வார்த்தை விளையாட்டு ஆடுகிறவள். எழுத்துகளைப் போட்டால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஆங்கில வார்த்தைகளைக் கொட்டும் பக்கம் ஒன்று அவளுக்குத் தெரியும். ஸ்குரூவைக் கழற்றி, துணி வெட்டும் மேசையில் எழுத்துகளைப் பரப்பினோம். அவள் தட்டத் தட்ட வார்த்தைகள் வந்தன.

“அலாரம்.”

“தூங்குறவங்களுக்கு.”

“அவார்டு.”

“யாரு கொடுத்தா?”

“ட்ரீம்னு வைக்கலாமாக்கா?”

“கனவு காணவா கடை பிடிச்சேன்? அடுத்தது சொல்லு.”

“வேர்ஸ். எழுத்து இடம் மாறி, உடுத்துறதுன்னு வருதுக்கா.”

அது பிடித்திருந்தது. ‘வேர்ஸ்’ எழுத்துகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் என் பெயரைத் தேடினேன். அந்தப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்றது. அதற்கு எப்படித் தெரியும், அது என் உம்மா வைத்த பெயர். கையாலேயே அடுக்கினேன். எச் இருந்தது, ஜே இருந்தது, ஆர் இருந்தது, ஏ வேண்டிய மட்டும் இருந்தது. ஐ மட்டும் இல்லை.

தொழுகை முடிந்து வந்த இம்தியாஸ் மேசையைப் பார்த்துக் குதித்தான்.

“அட, ஸ்டீல் எழுத்துலயே அண்ணன் பேரு வருதே! ரெண்டு இ-யில ஒண்ணு மட்டும் குறையுது. அத யாரு எண்ணிப் பாக்கப்போறா?”

சொல்லிக்கொண்டே எல் எழுத்தைக் கையில் எடுத்தான். அண்ணன் பெயரில் ஓர் எழுத்து குறைந்தால் பரவாயில்லையாம்! அந்த ஆத்திரத்தோடு அவன் கையிலிருந்த எல் எழுத்தையே முறைத்தேன். நெட்டுக்குத்தாக ஒரு தகடு, அடியில் நீட்டிய ஒரு கால். அந்தக் கால் இல்லாவிட்டால் அது ஐ.

பிடுங்கினேன். பரணில் ஆணிக்கடைக்காரர் விட்டுப்போன ஆக்ஸா பிளேடு துருவேறிக் கிடந்தது. பானுப்ரியா ஒரு முனையை அழுத்திப் பிடித்தாள். நான் அறுத்தேன்.

“அண்ணி, அது அண்ணனோட எல்லு!”

“நவுருங்க தம்பி, கையில படப்போகுது.”

தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி சத்தம். உள்ளங்கை கன்றிப்போனது. ஆனாலும் கால் துண்டாகி விழும்வரை நான் நிறுத்தவில்லை.

இருட்டுவதற்குள் நானும் அவளும் ஏணி போட்டு எல்லாவற்றையும் முடுக்கிவிட்டோம். ‘ஹாஜிரா வேர்ஸ்’. மிச்சம் மூன்று எழுத்து. பானுப்ரியா அவற்றை ‘மேட்’, பைத்தியம் என்று அடுக்கிக் காட்டினாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் திறப்பு முடிந்து எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், இம்தியாஸ் வீடியோ காலில் அண்ணனிடம் போர்டைக் காட்டி, அவர் பெயரின் எல் எழுத்தை நான் அறுத்துவிட்டதாகப் புகார் வாசித்தான். ஜமீல் சிரித்துவிட்டார்.

“எம் பேருல இருந்து எடுத்துத்தானே ஒம் பேரு வந்துச்சு? இருக்கட்டும், இருக்கட்டும்.”

“இல்லீங்க,” என்றேன். “ஆணிக்கடை போர்டுல இருந்து எடுத்தது.”

ஜமீல் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு, “போனை இன்னும் மேல தூக்குடா, முழுசாப் படிக்கிறேன்,” என்று தம்பியிடம் சொன்னார்.

சாயங்காலம் தில்லை நகரிலிருந்து ஓர் அம்மா ரவிக்கைத் துணியோடு வந்தார். தலையை உயர்த்தி போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இம்தியாஸிடம் கேட்டார்.

“ஏங்க, இங்க ஹாஜிராங்கிறது யாருங்க?”

“அது வந்து, எங்க அண்ணன்...” என்று அவன் ஆரம்பித்தான்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“நான்தான். உள்ள வாங்க.”