பெண் குரலில் கூப்பிட்டாலும் திறக்காதீர்கள்

மில்லர்புரத்தில் செந்தில்முருகனின் பலசரக்குக் கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டுவரும் பிலோமி கூடையை இறக்கி வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த பேப்பரை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நம்ம பக்கம் கொலை கொறைஞ்சிருக்காம்லா. கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"எழுதாம விட்டா கொறையத்தான் செய்யும்" என்றார் செந்தில்முருகன். "எல்லாம் கண்துடைப்பு. இத பாரு." அவர் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பட்டப்பகலில் ஒரு கடை வாசலில் ஒருவனை நாலு பேர் ஓட ஓட விரட்டும் வீடியோ.

பிலோமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது போன வருசமே எனக்கு வந்துச்சு. அங்கன போர்டுல இந்தில எழுதியிருக்கு பாருங்க. இதுக்கா நீங்க தூத்துக்குடில பயந்து கெடக்கீய?"

"நீ தைரியசாலிதான்."

"தைரியம் என்ன தைரியம்? முன்னாடியெல்லாம் இருட்டோட மீன் ஏலத்துக்குப் போவணும்னா நாங்க நாலு பொம்பளைங்க சேந்துதான் போவோம். இப்போ நான் ஒத்தையில போறேன். ஒருத்தன் ஏன்னு கேக்கல. சாளை மீனு வேணுமா, வேண்டாமா? அதச் சொல்லுங்க."

அவர் சாளை வாங்கினார். அவள் சொன்னதை வாங்கிக்கொள்ளவில்லை. தெருவில் இருக்கும் எல்லா வீடுகளும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். தினமும் காலையில் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு, எங்கோ நடந்த ஒரு வெட்டுக்குத்தை அதில் போடுவார். ஏழெட்டுப் பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். அதன் பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும்.

அந்தப் பயம் இப்போது அவர் மகள் இசக்கிசெல்வியின் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். சாயங்காலம் கணக்குப் படிப்பு ஒன்றுக்குப் போய்வந்தாள். முடித்தால் துறைமுகத்துப் பக்கம் சரக்குக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று பாடம் எடுக்கும் சார் சொல்லியிருந்தார். முடிய இன்னும் ஒரு மாதம்தான். அதற்குள் நிறுத்திவிடச் சொன்னார் அப்பா.

"எப்பா, ஒரு மாசம்ப்பா. இதுவரைக்கும் எனக்கு என்ன ஆயிட்டு?"

"ஆன பொறவு நிறுத்தச் சொல்லுதியா? இந்தத் தெருவுல சந்தேகமா ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, அன்னையோட நீ வீட்டுலதான் இருக்கணும்."

சந்தேகப்படுவதற்கு அன்றைக்கே ஒருவன் வந்து சேர்ந்தான்.

வெயில் தணியாத நேரம். முகத்தில் பாதியைத் துண்டால் மறைத்துக் கட்டியிருந்த ஒருவன், கையில் நீளமான கோணிப் பொதியோடு கடை முன்னால் வந்து நின்றான்.

"சிவனாண்டி வீடு எங்கன இருக்கு?"

சிவனாண்டி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வம்புக்கும் போகாதவர். ஆனால் செந்தில்முருகனின் கண் அந்தப் பொதியில் நின்றது. கோணியின் வாயிலிருந்து வழவழப்பான மரப்பிடி ஒன்று எட்டிப் பார்த்தது. அருவாள் பிடி.

"எதுக்குத் தேடுதீய?"

"நேர்ல பாக்கணும்" என்றான் அவன். பொதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

செந்தில்முருகன் கையை மட்டும் காட்டினார். அவன் நடந்தான். சிவனாண்டி வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வந்தவன் எதிரே இருந்த மின்கம்பத்தடியில் நின்றுகொண்டான். உட்காரவில்லை. பொதியைக் கீழே வைக்கவுமில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெருவின் இரு முனையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆளுக்காகக் காத்து நிக்கான்" என்றார் செந்தில்முருகன், மனைவி சந்தனச்செல்வியிடம். "வீடியோல பாக்கது மாதிரியே நிக்கான் பாத்தியா?"

"போலீசுக்குப் போன் போடுங்களேன்."

"போட்டுட்டு? சாட்சி, கோர்ட்டுன்னு எவன் அலையுறது?"

கடைக்குள்ளிருந்தபடியே அவனைப் போட்டோ பிடித்து, குழுவில் எழுதினார். "எச்சரிக்கை. அரிவாளுடன் கூலிப்படை ஆள் நம் தெருவில் நிற்கிறான். யாரும் வெளியே வர வேண்டாம். யார் தட்டினாலும், பெண் குரலில் அழுதுகொண்டே கூப்பிட்டாலும், கதவைத் திறக்காதீர்கள்." கடைசி வரி அவருடையதல்ல. போன வாரம் யாரோ அனுப்பியதிலிருந்து எடுத்துச் சேர்த்தார். சேர்த்ததும் செய்திக்கு ஒரு கனம் வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

தெருவில் கதவுகளைச் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. பந்து விளையாடிய பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். தேய்ப்பு வண்டிக்காரர் பெட்டியில் இருந்த கரியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். செந்தில்முருகன் ஷட்டரை இறக்கிய பிறகுதான் சந்தனச்செல்வி கத்தினாள்.

"பிள்ள வருமே!"

இசக்கியின் போன் அணைந்திருந்தது. வகுப்பில் போனை அணைத்து வைக்கச் சொல்வார்கள். ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, பைக்கைப் பின்சந்து வழியாக விரட்டினார். அவர் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் மினிபஸ் ஏறியிருந்தாள்.

இசக்கி இறங்கியபோது பொழுது அடைந்திருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் தெருமுனையில் வடை கடை இருக்கும், நாலு பேர் நிற்பார்கள். இன்று ஈ, காக்கை இல்லை. பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தது. அதில் இரண்டு பேர்.

"என்ன ஊரே காலியா கெடக்கு? ஏளா, துணைக்கு வரட்டுமா?"

கடையும் வீடும் தெருவின் அடுத்த கோடியில். அவள் வேகமாக நடந்தாள். பைக் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றது. பக்கத்தில் இருந்த வீடு சிவப்பிரகாஷ் சாருடையது. கேட்டைத் தட்டினாள். "சார், நான் கடைக்காரர் மக." ஜன்னல் திரை அசைந்தது. உள்ளே எரிந்த விளக்கு அணைந்தது.

அடுத்த வீட்டுக்கு ஓடினாள். "ஆனி அக்கா! நான் இசக்கி. கதவத் தொறங்கக்கா!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கதவுக்குப் பின்னால் ஆனி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இசக்கியின் குரல் மாதிரித்தான் இருந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அழுதுகொண்டே கூப்பிட்டாலும் திறக்காதீர்கள் என்று இசக்கியின் அப்பாதானே போட்டிருக்கிறார்.

"ஏ புள்ள! இங்கன வா. என் பக்கத்துல வந்து நில்லு."

மின்கம்பத்தடியிலிருந்து குரல் வந்தது. முகத்தில் துண்டு, கையில் பொதி. இசக்கிக்கு அவன்மேலும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் தெருவில் அவளைக் கூப்பிட்டது அந்த ஒரு குரல்தான். ஓடினாள். அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். பைக்கில் இருந்தவர்கள் பொதியின் பிடியைப் பார்த்தார்கள். வண்டி திரும்பிப் பறந்தது.

"இது என்ன எழவுத் தெருவு?" என்றான் அவன். "நானும் மத்தியானத்துல இருந்து நிக்கேன். ஒவ்வொரு வீடா அடைச்சுக்கிட்டு வாரானுவ. எவனையாவது வெட்டிப்புட்டானுவளோன்னு எனக்குல்லா பதறுது. என் போன்லயும் சார்ஜ் இல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் செந்தில்முருகனின் பைக் வந்துவிட்டது. கூலிப்படைக்காரன் பக்கத்தில் மகள். அவர் கம்பியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்.

"ஏலே, எம்பிள்ளைய விடுலே! கையில இருக்கத கீழ போடு!"

"எப்பா, அடிக்காதீய!" இசக்கி குறுக்கே விழுந்து நின்றாள்.

"கீழ போடுலே! மண்டையப் பொளந்துருவேன்!"

"அடிச்சாலும் கீழ வைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான் அவன். பொதி நெஞ்சைவிட்டு அசையவில்லை. "சுடலைமாடனுக்குன்னு அடிச்ச அருவா. கோயில்ல சாத்துறதுக்கு முன்னாடி மண்ணுல படக்கூடாது. வெள்ளிக்கிழமை கோயில் கொடை. சிவனாண்டி மாமா நேந்துகிட்டது. என் பேரு சொரிமுத்து. உடன்குடிப் பக்கம்."

கோணி விலகியிருந்த இடத்தில் மஞ்சள் துணியும் குங்குமமும் தெரிந்தன. செந்தில்முருகனின் கை இறங்கியது. அவர் குடும்பத்துக்கும் சுடலைமாடன்தான் குலசாமி. மகள் பிறந்த வருசம் கொல்லன் பட்டறையிலிருந்து கோயில் வரைக்கும், இதேபோல ஓர் அருவாளைத் தரையில் வைக்காமல் நெஞ்சோடு சுமந்துபோனவர் அவர். இருந்தும் மத்தியானத்திலிருந்து இதே கோலத்தைப் பார்த்தவருக்கு, போனில் வரும் கொலைகாரனைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா" என்றார் மெல்ல.

"முன்னப்பின்ன தெரியாதவன்ட்ட சாமி காரியத்த எப்படிச் சொல்ல? நீங்க பாத்த பார்வையே சரியில்ல அண்ணாச்சி. எனக்கு உங்க மேலதான் சந்தேகம்."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனி ஓடிவந்து இசக்கியின் கையைப் பிடித்தாள். "நீதான்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு ஏளா. ஆனா பயம்..."

இசக்கி கையை விடுவித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அந்த ரெண்டு பயலுவ கூட பெரிசில்லப்பா. தட்டுன கதவு தொறக்கல பாருங்க, அதுதான் எனக்கு பயமாயிட்டு. அவனுவ வந்ததே தெருவு காலியா கெடந்ததாலதான். காலி பண்ணுனது யாரு? இனிமே நான் கிளாசுக்குப் போவக்கூடாது, அப்படித்தான?"

செந்தில்முருகன் கம்பியைப் பைக்கில் சாத்தி வைத்தார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "கொலைகாரன் எவனும் நம்ம தெருவுக்கு வரல. நான்தான் தெனம் ஒருத்தனப் போன்ல கூட்டிட்டு வந்தேன். பூட்டுன கதவு தெருவக் காக்காது. ஆள் நடமாட்டமும் தட்டுனா தொறக்குற கதவுந்தான் காக்கும். விசாரிக்காம ஒரு வார்த்த பரப்புனா, அது நம்ம பிள்ளைக்கே வினையா வந்து முடியும்."

அவர் போய் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே விளக்கைப் போட்டார். சொரிமுத்துவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, பொதியை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் மகளைப் பார்த்தார்.

"நாளைக்குப் போ தாயி. நீ வந்து எறங்குற வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு கதவையும் சாத்த மாட்டோம்."