எலிக்குப் பிசைந்த நெய்ச்சோறு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஸ்வாமிநாதன், பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மகனுக்கு முதல் வருஷத் திதி கொடுக்கிற அப்பா. அவர் மனைவி பாகீரதி. மந்திரம் சொல்ல வந்த சாஸ்திரிகள். இலையில் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை மென்றுகொண்டு கிளம்பத் தயாராக இருந்த பிராமணர்கள் இரண்டு பேர். வயலைக் குத்தகைக்குப் பயிரிடுகிற முகம்மது மைதீன். காலையில் வாழையிலை கொண்டுவந்த அவன், போக மனசில்லாமல் கிணற்றடியில் நின்றான். அவ்வளவுதான். வர வேண்டியது காக்கை. அது வரவில்லை.

கொல்லைச் சுவரின்மேல் இலைத்துண்டில் பிண்டம் இருந்தது. எள்ளும் நெய்யும் சேர்த்துப் பிடித்த சோற்றுருண்டை. காக்கை அதைக் கொத்தினால் செத்தவனுக்குப் பசி ஆறியது என்று அர்த்தம். கொத்தும்வரை வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைக்கக் கூடாது. பாகீரதி முந்தைய நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மடிசார் ஈரம் காய்ந்து, மறுபடி வியர்வையில் நனைந்துவிட்டது. “கா... கா...” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

“சார்வாள், நம்ம ஊர்க் காக்கால்லாம் கட்சி மாறிட்டுன்னு நெனைக்கேன்” என்றான் மைதீன். “ரோட்டு விலக்குல ஆரிப் கோழிக்கடை போட்டாம்லா, அன்னையிலேர்ந்து எல்லாம் அங்கனதான் கெடக்கு. குடலு, தோலு, தலைன்னு வெளுத்து வாங்குது. எள்ளுச்சோத்துக்கு எது வரும்?”

வெற்றிலை மென்ற பிராமணர் ஒருவர் சிரித்தார். “வாஸ்தவந்தான். நம்மாத்துச் சமையல்ல என்ன இருக்கு, காக்கைக்கு?”

பாகீரதி திரும்பிப் பார்த்தாள். அவர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

“எனக்குக் கோழிக்கடைக் காக்கா வேண்டாம்” என்றாள். “இந்தக் கொல்லைக்கு வர்ற காக்காதான் வேணும். அவன் கையால வாங்கித் தின்ன காக்கா.”

அவன் என்றால் மகன் ஸ்ரீசரண். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் ராத்திரி வேலை. ஊருக்கு வந்தாலும் பகலில் தூங்கி, விடியும்போது விழித்திருப்பான். கிணற்றுத் திட்டில் தட்டோடு உட்கார்ந்து பாதி உப்புமாவைச் சுவரில் வைப்பான். “அம்மா, பாரு, காக்காவுக்கே விக்கல் எடுக்கறது” என்று உள்ளே பார்த்துக் கத்துவான். “அப்ப அதுக்குத் தண்ணி வை, நீ பட்டினி கிட” என்று அவள் உள்ளேயிருந்து கத்துவாள். அதுதான் அவர்கள் கொஞ்சிக்கொள்கிற விதம்.

போன ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தவன் படித்துறையில் குளிக்க இறங்கினான். மலையில் மழை. தாமிரபரணி அவனை இழுத்துக்கொண்டு போய் அணைக்கட்டுக் கல்லில் போட்டது. அவனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். தெரியாதவன் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டான். கல்யாணம் ஆகவில்லை, தம்பி இல்லை. அதனால் அப்பாவே தர்ப்பையை விரலில் மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாம்பலை அதே படித்துறையில்தான் கரைத்தார்கள். கொஞ்சம் கீழே கன்னடியன் கால்வாய் பிரிகிறது. அந்தத் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு. மாசியில் பிசானப் போக அறுப்பு முடிந்து மைதீன் நெல்லைக் கொண்டுவந்து இறக்கியபோது, பாகீரதி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுல அவன் இருக்கான், இல்லையா?” என்று கேட்டாள்.

ஸ்வாமிநாதனுக்குப் பதில் தெரியும். எலும்பில் உள்ள சுண்ணாம்பும் பாஸ்பரஸும் எங்கேயும் தொலைவதில்லை. தண்ணீரில் கரையும், சேற்றில் தங்கும், வேர் எடுக்கும், கதிரில் ஏறும். ஆனால் ஒரு பானைச் சாம்பல் ஓர் ஆறு முழுக்கக் கரைந்தால் ஒரு நெல்மணிக்கு என்ன பங்கு வரும்? ஒன்றும் வராது. அவர் இரண்டையும் சொல்லவில்லை. “இருப்பான்” என்று மட்டும் சொன்னார். அவள் அந்த நெல்லில் ஒரு மூட்டையை அரைத்து, திதிக்கென்று, சாமான் வைக்கிற அரங்கு அறையில் தனியாக வைத்தாள். வேறு யாருக்கும் அதில் ஒரு பிடி போடவில்லை.

எலிக்கு யாரிடம் கேட்க வேண்டும்?

அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் வீடுகள் பூட்டிக்கிடந்தன. ஒருவர் பெங்களூர், ஒருவர் டல்லாஸ். ஆள் இல்லாத வீட்டில் எலி குடும்பம் நடத்தியது. ஆனால் ஆள் இல்லாத வீட்டில் தின்ன ஒன்றுமில்லை. தெருவுக்கே அடுப்பு எரிகிற வீடு அவர்களுடையது என்பதால், எல்லா எலியும் சுவரைக் குடைந்து இங்கே வந்தது. காக்கைக்கும் அதே கதைதான். எச்சில் விழுகிற ஒரே கொல்லை இது. புரட்டாசி கடைசியில் மூட்டையின் அடியில் ஓட்டை விழுந்து அரிசி சிந்திக்கிடந்ததைப் பார்த்து பாகீரதி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவனைத் திங்கறதுகள்” என்றாள். “ஏதாவது பண்ணுங்கோ.”

அவர் பண்ணினார். சந்தைக்கடையில் எலி மருந்து வாங்கினார். கட்டியாக வைத்தால் எலி முகர்ந்துவிட்டுப் போனது. நெய்யில் வளர்ந்த எலிகள். அதனால் மருந்தைப் பொடித்து, சுடுசோற்றில் நெய் விட்டு, குழந்தைக்குப் பிசைகிற மாதிரி பிசைந்து, கொட்டாங்கச்சியில் வைத்தார். காலையில் கொட்டாங்கச்சி கழுவி வைத்ததுபோல் இருந்தது. மறுநாளும் வைத்தார். அந்த மருந்து எலியை உடனே கொல்லாது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, மந்தமாகி, பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு முற்றத்துக்கு வந்து சாகும். திதி நெருங்குகிற நேரத்தில் செத்த எலியைத் தொட்டால் தீட்டு, குழி வெட்டினால் தீட்டு. எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். விளக்குமாற்றுக் குச்சியால் வாலைச் சுருட்டித் தூக்கி, கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார். வீசியது மண்ணில் விழுமுன்பே காக்கை எடுத்தது.

“காக்கா நிறைய வருதே!” என்று பாகீரதி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துச் சொன்னாள். அவள் முகம் அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாகத் தெளிந்திருந்தது. “எள்ளுக்கும் இதே மாதிரி வரும் பாருங்கோ.”

“வரும்” என்றார்.

இப்போது சுவரில் கட்டெறும்பு ஏற ஆரம்பித்திருந்தது. சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அம்பாசமுத்திரத்தில் இன்னொரு காரியம் இருந்தது.

“மாமி, கோவிச்சுக்கப்படாது. காக்கை எடுக்கலைன்னா ஜலத்துல விட்டுடலாம்னு இருக்கு. மத்ஸ்யம் எடுத்துண்டாலும் அதே பலன்தான்.”

“தாமிரபரணிக்கா?” என்றாள் பாகீரதி. “அதுக்குத்தான் ஏற்கனவே குடுத்தாச்சே. முழுசா.”

சாஸ்திரிகள் எழுந்தார். செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. பாகீரதி எறும்பை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளினாள். பிண்டத்தைத் தொடாமல் ஊதினாள்.

மைதீன் மடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கால்வாய்ப் பக்கம் போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான். கொல்லைக் கதவருகே நின்று கையைக் காட்டினான். அவள் காதில் விழாத குரலில் பேசினான்.

“சார்வாள், பைய இங்கன வாங்க.”

“என்னடா?”

“வாங்களேன். மாமிய கூப்பிடாதிய.”

கால்வாய்க் கரையில் பெரிய மருதமரம். கொல்லைக் காக்கைகள் அடைவது அதில்தான். அடியில் நாணலுக்கு நடுவே அவை கிடந்தன. ஒன்று இறக்கையை விரித்து, ஒன்று ஒருக்களித்து, ஒன்று தலை தண்ணீருக்குள். சிலவற்றின் அலகோரம் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது.

“ஏதும் சீக்கா இருக்குமோ?” என்றான் மைதீன். “கரண்டு அடிச்சாலும் இப்படித்தான் விழும். ஆனா கம்பி அங்கன இருக்கு, இதுக இங்கன கெடக்கு...”

ஸ்வாமிநாதன் குனிந்து அலகோர ரத்தத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் இதைப் பலகையில் வரைந்தவர். புல், அதற்குமேல் எலி, அதற்குமேல் பறவை. நடுவில் அம்புக்குறி. பையன்கள் அம்பைத் தலைகீழாகப் போடுவார்கள். “தின்கிறவனைப் பார்த்துப் போகணும்டா அம்பு” என்று காதைத் திருகுவார். ஒவ்வொரு படியிலும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும், மீதி சூடாகக் கரைந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். விஷம் அப்படிக் கரையாது, படிக்குப் படி சேரும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது பரீட்சைக்கு வருகிற கேள்வி. விளக்குமாற்றுக் குச்சியோடு நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. அப்போது அவர் வாத்தியார் இல்லை. அரிசியைக் காப்பாற்றுகிற அப்பா.

வேர் இடுக்கில் ஒன்று அசைந்தது. உயிர் இருந்தது. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஓடினார். பஞ்சகச்சம் தடுக்க, கொல்லைக்குள் ஓடிவந்து சுவரில் இருந்த இலையை எடுத்தார்.

“எங்க எடுத்துண்டு போறேள்?”

“கரையில ஒண்ணு இருக்கு” என்றார். அது பொய் இல்லை.

மரத்தடியில் மண்டியிட்டு பிண்டத்தை அதன் அலகுக்கு முன்னால் வைத்தார். காக்கை அவரைப் பார்த்தது. பார்த்ததா, கண் அந்தப் பக்கம் இருந்ததா, தெரியாது. ஒரு பருக்கையைக் கிள்ளி, திறந்த அலகுக்குள் வைத்தார். “எடுத்துக்கோ” என்றார். “ஒண்ணே ஒண்ணு. எடுத்துக்கோடா.” பருக்கை நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்று வைத்தார். மைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்வாயைப் பார்த்தான்.

“சார்வாள், விட்டுருங்க. அது உயிர் போயிட்டு.”

நிமிர்ந்தபோது பின்னால் பாகீரதி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. நாணலைப் பார்த்தாள். ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள்.

“வாரம் பூரா வந்துதே” என்றாள். “என்ன போட்டேள்?”

“எலி.”

“செத்ததா?”

“ஆமா.”

“எதனால செத்தது?”

அவர் விரலில் ஒட்டியிருந்த எள்ளைத் துடைத்தார். அவள் காத்திருந்தாள். மைதீன் செருப்பைத் தேடுவதுபோல் நகர்ந்து போனான்.

“மருந்து வெச்சேன். சோத்துல பிசைஞ்சு.”

“எந்தச் சோத்துல?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. எலி ஓட்டை போட்டுச் சிந்திய அரிசியைக் கூட்டி, வீணாகாமல் அதைத்தான் வடித்துப் பிசைந்திருந்தார். எலி எச்சில் பட்டது பிண்டத்துக்கு ஆகாது, எலிக்கு ஆகும் என்று நினைத்திருந்தார். அதில் தப்பு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

“அந்த அரிசிதான்” என்றார். “கீழ சிந்தினது.”

பாகீரதி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தெரிந்த ஏதாவதொன்றைச் செய்திருப்பார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார். சமையலறையில் வெங்கலப் பானையைத் திறந்து, இலையில் சோறு போட்டு, ரசம் விட்டு, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். வேகமாக, யார் வீட்டிலோ சமையல்காரி அவசரமாகச் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டாள்.

“பாகீ. காக்கா எடுக்கலையே இன்னும்.”

“எடுத்துதே. வாரம் பூரா எடுத்துது. நீங்க பிசைஞ்சு குடுத்தேள், வந்து வாங்கிண்டு போச்சு.” ஒரு கவளம் விழுங்கினாள். “வயிறு நிறைஞ்சிருக்கும் அவனுக்கு.”

அவர் நின்றார். அவள் இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டாள். அந்த மூட்டை அரிசியின் சோறு.

“அங்க கிடக்கறதை நாய் இழுக்கும்” என்றாள், தலை நிமிராமல். “கீரி திங்கும். அதையெல்லாம் யார் பார்க்கறது?”

அவள் சொன்னது சரி. அந்த உடம்புகளில் மருந்து அப்படியே இருக்கிறது. எது தின்றாலும் அதற்கும் இதே கதிதான். ஆழமாகப் புதைக்க வேண்டும், கால்வாயிலிருந்து தள்ளி. அவர் பூணூலைச் சரிசெய்துகொண்டு மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்தார். தீட்டு என்று அவளும் சொல்லவில்லை. அவரும் நினைக்கவில்லை.

மைதீன் கிணற்றடியில் நின்றிருந்தான். “நான் வெட்டுதேன் சார்வாள், நீங்க விரதம்லா இருக்கிய” என்று கை நீட்டினான்.

“வேண்டாம்ப்பா. நீ வீட்டுக்குப் போ.”

அவர் படியிறங்கி, கொல்லையைக் கடந்து, நாணல் பக்கம் திரும்பினார். பின்னால் கொல்லைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, உள்பக்கமாகச் சாவி திரும்பிற்று.