மஞ்சள் பூசிய சூடை

நான் மெஷின் லேர்னிங் எஞ்சினியர். எங்கள் ஊர் கிண்ணியாவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "மீன் பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுவேன், அது முக்கால்வாசி உண்மையும்தான். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பனி, சந்தையில் விலைபோகாமல் வீணாகும் சிறுமீனை வாங்கிக் கட்லட் செய்கிறது. நல்ல மீன் கட்லட்டுக்கு, பழுதானது வயல் பசளைக்கு. கமெராவால் பார்த்து எது எதுவென்று பிரிக்கும் மொடலைப் பழக்கியது நான்.

அன்று காலை அதற்குச் சோதனை. பொறுப்பாளர் மாகிரட் மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நாளைக்கும் பிழை விட்டுதெண்டால் கமெராவைக் கழட்டிப்போட்டுப் பழையபடி கையாலதான் பிரிக்கிறது, அம்ரா. இனியும் இழுக்க ஏலாது."

ஒரு வருட உழைப்பு அது. ஆனாலும் எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷப் புளுகம்தான் கூட.

பெல்ட் ஓடியது. முதல் சூடை மீன் கமெராவுக்குக் கீழே போனது. பழுது என்று பசளைப் பக்கம் தள்ளியது. அடுத்ததும் பழுது. சனியன், கூடை முழுவதையும் அப்படியே தள்ளிவிட்டது. மாகிரட் மிஸ் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இது இப்ப பிடிச்ச உடன் மீனல்லோ?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திரையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா மீனின் வயிறும் மஞ்சள். வயிறு மஞ்சளித்தால் பழுது என்றுதான் அதற்குப் பழக்கியிருந்தேன். ஒரு மீனை எடுத்துத் தேய்த்தேன். விரலில் ஒட்டியது கறி மஞ்சள்.

மீன் கழுவும் லைலா ராத்தாவைக் கூப்பிட்டேன். "மீனுக்கு மஞ்சள் போட்டீங்களா ராத்தா?"

"ஓம் மகள். இண்டைக்கு உன்ட மெஷினுக்குச் சோதனையாமே. மீன் வெடுக்கு மணத்தில அது பிழையாச் சொல்லிருமோ எண்டு மஞ்சளும் உப்பும் போட்டு வடிவாக் கழுவினேன். வெறும் தண்ணியில கழுவினா மனசு கேக்கல்ல."

"அதுக்கு மூக்கே இல்ல ராத்தா" என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போனது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு பீறிட்டது.

"மிஸ், மொடல் பிழை விடல்ல. கழுவாத கூடை ஒண்டு தாங்க."

"ஒண்டே ஒண்டு. அதோட சரி."

நிலாவெளியிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய கூடை, மணலும் ஒட்டியபடி பெல்ட்டில் ஏறியது. நல்லது. நல்லது. நல்லது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாதிக் கூடையில், பளபளவென்று வந்த ஒரு சூடையைப் பழுது என்று தள்ளியது. மீனின் கண்ணில் ஒரு சொட்டு மங்கல் என்று திரை காட்டியது. எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இது நல்லாத்தானே கிடக்கு" என்றபடி மாகிரட் மிஸ் அதை எடுத்தார். செவுளைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"சீ, நாறுது."

"உண்மையா மிஸ்?"

"உண்மையாத்தான். நேற்றையான் மீன் ஒண்டு கலந்திட்டுது." அவர் சிரித்தார். "கமெரா இருக்கட்டும், அம்ரா."

எனக்கு அழுகை வந்தது. லைலா ராத்தா அந்த நாறல் மீனை மிஸ்ஸின் கையிலிருந்து வாங்கி, கல்யாண வீட்டில் இனிப்புக் கொடுப்பதுபோல ஒவ்வொருவர் மூக்குக்கும் கொண்டுபோனார்.