டம்ளரில் போட்ட கோடு

நகராட்சி ஆணையர் தண்ணீர் குடித்த காட்சி மொத்தம் பதினான்கு விநாடி. அதில் ஒரே ஒரு வெட்டு. அது எந்த இடத்தில் விழுந்தது என்று ஊரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கேமராக்காரன் வேலை அவ்வளவு சுத்தம்.

உள்ளூர் கேபிள் சேனலில் அவனுக்கு ஏழு வருஷ அனுபவம். திறப்பு விழா, சாலை மறியல், தீ விபத்து, பள்ளி ஆண்டு விழா என்று எதுவானாலும் அவன் கண் வழியாகத்தான் ஊர் பார்த்தது. முதல் காட்சியில் ஒருவர் சட்டைப்பையில் பேனா இருந்தால் அடுத்த காட்சியிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. மனைவி அவனைக் கேலி செய்வாள். குழம்பில் உப்பில்லாவிட்டால் கண்டுகொள்ள மாட்டார், குழம்புக் கரண்டி இடம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார் என்று.

அந்த வருஷம் கோடையில் குழாய்த் தண்ணீர் கெட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய் உடைந்து குடிநீர்க் குழாயோடு கலந்துவிட்டது. முதல் வாரத்திலேயே பதினொரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஆணையர் அலுவலகத்திலிருந்து சேனலுக்கு ஒரு தாள் வந்தது. காலரா என்ற சொல் வேண்டாம், வயிற்று உபாதை என்று வாசிக்கவும் என்றிருந்தது. அப்படியே வாசித்தார்கள். பக்கத்து வீட்டில் பிணம் கிடக்க, டிவியில் உபாதை என்று கேட்ட ஜனங்கள் அன்றைக்கே பாதி நம்பிக்கையைத் தலைமுழுகிவிட்டார்கள்.

மீதிப் பாதியைக் காப்பாற்றத்தான் ஆணையர் கேமரா முன்னால் குழாய்த் தண்ணீர் குடிக்க முடிவு செய்தார். நீரேற்று நிலைய முற்றத்தில் ஏற்பாடு. ஆணையர் குழாயைத் திறந்தார். கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு பிடித்தார். உதவியாளர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஐயாவுக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை, கேன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்றார். ஆய்வு முடிவு நாளை வந்துவிடும், அதில் ஒன்றும் இருக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் செய்யும்படி யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனாகத்தான் செய்தான். பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, டம்ளரின் பின்பக்கம் தண்ணீர் நின்ற மட்டத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு போட்டான். தண்ணீரைக் கொட்டினான். கேனிலிருந்து அந்தக் கோடு வரை ஊற்றி, டம்ளரை ஆணையர் கையில் அதே கோணத்தில் கொடுத்தான். ஆணையர் மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மதியச் செய்தியில் ஓடியது. ஓடிய ஐந்தாம் நிமிஷம் மனைவி போன் செய்தாள். அப்போது அவன் ஆணையர் அலுவலக ஜீப்பில் இருந்தான். உதவியாளர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்பது நாளாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது.

"நெஜமாவே குழாய்த் தண்ணிதானா?"

"நான்தானே எடுத்தேன்" என்றான்.

அவள் சிரித்தாள். "அப்ப சரி. அடுப்பை அணைச்சிடறேன்."

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். வேலை விடவில்லை. நான்கு நாள் சேனலிலேயே படுத்தான். அங்கே கேன் தண்ணீர். ஐந்தாம் நாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தெட்டு வயது.

மகளுக்கு நான்கு வயது. உருண்டையாக இருப்பதால் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். நோய் தொடங்கியபோதே அவளை மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குடியிருப்பில் சொந்த ஆழ்குழாய் இருந்தது. குழந்தை தப்பித்தது அதனால்தான்.

மாமியாருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாற்பது மெஷின் ஓடும் வரிசையில், கோணலாகப் போகும் தையலை நின்ற இடத்திலிருந்தே பிடிப்பாள். மகளுடைய உடலை வாங்கப் பிணவறை வாசலில் நின்றபோது, யாரோ ஒரு செல்போன் சேனல்காரன் மைக்கை நீட்டினான். அவள் அழவில்லை.

"எம்பொண்ணு ஒருநாள்கூடப் பச்சைத் தண்ணி குடிக்கல. கொதிக்க வெச்சுத்தான் குடிச்சா. கொதிக்க வெச்சவளே போயிட்டா. அப்ப அதுல இருக்கறது கிருமியா? வேற என்னமோ கலந்திருக்காங்க."

அவன் பக்கத்தில்தான் நின்றான். அந்தக் காட்சியின் ஓரத்தில் ஒரு இடது தோள் தெரியும். அது அவனுடையது. வாயைத் திறந்திருந்தால் ஒரு வாக்கியம் போதும். திறக்கவில்லை.

அந்தக் காட்சி கை மாறிக் கை மாறி ஊர் முழுக்கப் போனது. செத்துப்போன பெண்ணின் தாய் சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்கள்? தண்ணீரில் இருப்பது விஷம், கொதிக்க வைத்தால் அது இன்னும் கெட்டியாகும் என்று பேச்சு வளர்ந்தது. படித்தவர்கள்கூட அடுப்பை நிறுத்தினார்கள்.

ஆணையரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புதிய குழாய் பதித்தார்கள். குளோரின் போட்டார்கள். சுகாதார அதிகாரியாக ஒரு பெண் மருத்துவர் வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் எப்போதும் ஆய்வுத் தாள். இருபது நாளாகக் குழாய்த் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜனங்கள் குழாய்ப் பக்கமே போகவில்லை. பாழடைந்த கல்குவாரியிலிருந்து லாரிகள் தண்ணீர் கொண்டுவந்தன. தெளிவாக இருந்தது, மருந்து நாற்றம் இல்லை, எல்லாரும் அதைப் பிடித்து அப்படியே குடித்தார்கள். இப்போது நோய் லாரி போன தெருக்களில் வந்தது.

மருத்துவர் சேனலுக்கு வந்தார். தானே குழாய்த் தண்ணீர் குடிப்பதாகவும் வெட்டே இல்லாமல் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அவன் எடுத்தான். குழாய், டம்ளர், வாய், காலி டம்ளர் என்று ஒரே ஓட்டம். அன்று மாலை டீக்கடையில் அதைப் பார்த்த ஒருவர், பையன் தொழிலை நல்லாக் கத்துக்கிட்டான், இப்பல்லாம் வெட்டறதே தெரியல என்றார். கடையே சிரித்தது. ஆணையர் குடித்துக் காட்டிய பிறகும் சாவு நிற்காததால், சேனலுக்கு டம்ளர் டிவி என்று பெயர் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மருத்துவர் கோபப்படவில்லை. குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்றால் போகட்டும், லாரித் தண்ணீரையாவது கொதிக்க வைக்கலாமே என்று தெருத்தெருவாகக் கேட்டார். எல்லாரும் செல்போனை எடுத்து ஒரே காட்சியைக் காட்டினார்கள். அவர் அதை அவனிடம் காட்டினார்.

"இந்த ஒரு அம்மாவை என்னால தாண்டிப் போக முடியல. யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போனான். மூன்றாம் மாடி. சமையலறை மூலையில் புதிதாக நீல டிரம் ஒன்று இருந்தது. குடியிருப்பின் ஆழ்குழாய் வற்றிவிட்டதாம், லாரித் தண்ணீர்தானாம். அவன் அதையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பட்டாணி அவன் முதுகில் ஏறி, குதிரை ஓடவில்லை என்று தலையில் தட்டினாள்.

கொதிக்க வைத்தாவது கொடுங்கள் அத்தை என்று சொல்லிப் பார்த்தான். மாமியார் திரும்பாமலே பதில் சொன்னாள். "அவ கொதிக்க வெச்சதுக்கு என்ன பலன் கண்டோம் மாப்ள? நீங்க டிவி ஆளு, அவங்க சொல்றதச் சொல்றீங்க. நான் என் கண்ணால பாத்ததச் சொல்றேன்."

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இந்தக் கதவு மூடிவிடும், பட்டாணியை இந்த வாசலில் நின்றுகூடப் பார்க்க முடியாது என்று தோன்றியது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டான். அடுத்த ஞாயிறும் இறங்கினான்.

புதன்கிழமை காலை மாமியார் போன் செய்தாள். பிள்ளைக்கு விடியற்காலையிலிருந்து நிற்காமல் போகிறது, வாந்தியும் எடுக்கிறாள் என்றாள். குரல் அப்போதும் உடையவில்லை.

வார்டில் கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். பட்டாணியின் கண் உள்ளே போயிருந்தது. அவனைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. ஆள் பற்றாததால் வார்டையும் பார்த்துக்கொண்டிருந்த அதே பெண் மருத்துவர் வந்து தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. சலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை, இன்னொரு தடவை முயற்சி செய்வோம், அதுவரை உப்புச்சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக்கொண்டே இருங்கள் என்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். போகிற போக்கில் மாமியாரின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார், செல்போனில் பார்த்த முகம். நின்று கேட்க நேரமில்லை.

வார்டு மூலையில் கொதித்து ஆறிய தண்ணீர் பெரிய பாத்திரத்தில் இருந்தது. மாமியார் அந்தப் பக்கம் போகவில்லை. தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். வீட்டு டிரம்மில் பிடித்த தண்ணீர். குவளையில் ஊற்றி, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கலக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, அந்தத் தண்ணி வேண்டாம்."

"கவர்மென்ட் தண்ணிய இவ வாயில ஊத்த மாட்டேன். ஒருத்திய ஊத்திக் கொன்னது போதும்."

"அவ கொதிக்க வெக்கல."

ஸ்பூன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கடைசி நாலு நாள் அவ கொதிக்க வெக்கல அத்தை. ஆணையர் குடிச்சதப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணா. நெஜமான்னு கேட்டா. ஆமாங்கற மாதிரி சொன்னேன். அது கேன் தண்ணி. மாத்தி ஊத்தினது நான்தான்."

ஸ்பூன் நின்றது. மாமியார் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். மெஷின் வரிசையில் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"கேன் தண்ணின்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பொணவறை வாசல்ல நான் பேசறப்ப பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"போன வாரம் டிரம்மப் பாத்துட்டுப் போன."

அவன் தலையசைத்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவள் கையை ஓங்குவாள் என்று எதிர்பார்த்தான். ஓங்கியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுந்தாள். குவளையைத் தொட்டியில் கவிழ்த்தாள், பாட்டிலையும் கவிழ்த்தாள். பாத்திரத்துத் தண்ணீரில் குவளையைக் கழுவி, நர்ஸிடம் இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கி, கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் ஸ்பூன் வழிந்துவிட்டது. இரண்டாவதை முழுங்கினாள் பட்டாணி.

"வெளிய நில்லு" என்றாள் மாமியார். அதற்குப் பிறகு அவனை மாப்பிள்ளை என்று அவள் கூப்பிடவே இல்லை.

மதியம் நரம்பு கிடைத்தது. மூன்றாம் நாள் பட்டாணி தண்ணீர் கேட்டு அழுதாள். பிழைத்துக்கொண்டாள். அதே கட்டிலின் மறுபக்கம் கிடந்த குழந்தை இரண்டாம் நாளே போய்விட்டது.

மாமியார் அந்தச் செல்போன் சேனல்காரனைத் தேடிப் பிடித்தாள். தான் சொன்னது தப்பு, திருத்திச் சொல்ல வேண்டும், வா என்றாள். அது பழைய செய்திம்மா, இப்ப யாரும் பாக்க மாட்டாங்க என்று வைத்துவிட்டான். கேமராக்காரன் தன் முதலாளியிடம் போய், தானே கேமரா முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றான். முதலாளி சேனல் உரிமத்தைக் காட்டி, இது போய்விடும் என்றார். மறுநாள் முதல் வர வேண்டாம் என்றார்.

மாமியார் தொழிற்சாலைக்கு ஒரு வாரம் லீவு போட்டாள். தங்கள் குடியிருப்பில் நான்கு கட்டடம், ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு வீடு. கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்தாள். அவனையும் வரச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

முதல் கதவிலேயே காரணம் தெரிந்தது. "வீடியோல நான் சொன்னது தப்பும்மா. எம்பொண்ணு கடைசி நாலு நாள் பச்சைத் தண்ணி குடிச்சிருக்கா. குடிக்கலாம்னு நம்ப வெச்சது இவன்" என்று அவனைக் காட்டினாள். ஒவ்வொரு கதவிலும் அதே வார்த்தை, அதே விரல். சிலர் பாவம் பார்த்தார்கள். சிலர் முகத்துக்கு நேரே சாத்தினார்கள். ஒரு பெரியவர், அரசாங்கம் உங்களுக்கு எவ்வளவு தந்தது என்று இருவரையும் சேர்த்துக் கேட்டார். இன்னொருவர் காறித் துப்பினார். அது அவன் செருப்புக்கு அருகில் விழுந்தது. அவன் நகரவில்லை.

மூன்றாவது கட்டடத்தில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி கதவைத் திறந்தாள். முழுசாகக் கேட்டாள். பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள், "அன்னைக்குப் பொய் காட்டின. இன்னைக்கு நீ நிக்கறது மட்டும் நெஜம்னு நான் எப்படி நம்பறது?"

 

"நம்பாத" என்றாள் மாமியார். "இவனையும் நம்பாத, என்னையும் நம்பாத. தண்ணியக் கொதிக்க வெச்சுப் பிள்ளைக்குக் குடு. நாளைக்கு வந்து பாப்பேன்."

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். உள்ளே என்ன செய்தாள் என்று தெரியாது. மாமியார் அடுத்த வாசலுக்கு நகர்ந்து அழைப்பு மணியை அழுத்தினாள். திறக்கும்வரை அவன் இரண்டடி தள்ளி, முகம் தெரியும்படி நின்றான்.