இருபத்திரண்டு அடி

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். அம்மா இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மூத்தது பெருசு, இளையது சிறுசு. மாடிப்படியில் நின்று "பெருசு!" என்று ஒரு குரல் கொடுத்தால் எதிர்வீட்டுப் பெரியவரும் சேர்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். பெருசு பத்தொன்பது வயதில் "நான் பையன் இல்லம்மா, பொண்ணு" என்று சொன்னபோது அம்மா மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் கூப்பிடுறதுல ஒண்ணும் மாத்த வேண்டாம், அந்த மட்டும் நிம்மதி" என்றாள்.

கஷ்டப்பட்டவள் சின்னவள்தான். பதினாறு வருஷம் 'அண்ணா' என்று பழகிய நாக்கு, 'அக்கா' என்று சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு வருஷமும் "இந்தா", "இங்க பாரு" என்றே ஒப்பேற்றினாள். அக்கா ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டவில்லை. அவள் சுபாவம் அப்படி.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற கடை. டேப்பை விரிப்பதற்கு முன்பே பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். முதலாளி வேண்டுமென்றே ஒரு தப்பான அளவைச் சொல்லிச் சீண்டிப் பார்ப்பார், ஏமாறமாட்டாள். சின்னவள் இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடையில் இருந்தாள். சாயங்காலம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் மைதானத்துக்குப் போவார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவள் முன்னால் இருப்பவள் ஓட்டுகிற லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

இருவரும் ஒரே ரிலே அணி. நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். முதலில் நர்ஸ், அடுத்து டிக்கெட் கவுண்டரில் உட்காரும் பெண், மூன்றாவது அக்கா, கடைசியில் சின்னவள். ரிலேயில் கைமாறி வரும் கோலை வாங்குகிறவள் திரும்பிப் பார்த்து நின்றால் கதை கந்தல். தான் நிற்கிற இடத்திலிருந்து பின்பக்கமாக, குதிகாலோடு கட்டைவிரலை ஒட்ட ஒட்ட வைத்து அடி அளந்துபோய், தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுவாள். கொண்டு வருகிறவளின் கால் அந்த டேப்பைத் தொட்டதும், இவள் கண்ணை மூடிக்கொண்டு பாய வேண்டியதுதான். வருகிறவள் வேகமானவள் என்றால் அடி கூடும். மெதுவானவள் என்றால் குறையும். அக்காவுக்குச் சின்னவள் வைத்த கணக்கு இருபத்தாறு அடி. இரண்டு வருஷமாக அதே இருபத்தாறு. ஒரு தடவைகூடக் கோல் தவறியதில்லை.

அந்த இரண்டு வருஷமும் அக்கா சும்மா வந்து ஓடிவிடவில்லை. தடகளச் சங்கம் சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனை, டாக்டர் சான்று எல்லாம் கொடுத்து, அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் ஓடினாள். கை நரம்பைத் தேடி நர்ஸே அலுத்துப்போய், "உன் ரத்தத்துல பாதி அந்த ஆபீஸ்லதான் இருக்கு" என்பாள். தகுதிச் சுற்றில் அவர்கள் முதலாவதாக வந்தார்கள். இறுதிச் சுற்றில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தேசியப் போட்டி.

இறுதிச் சுற்றுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. விதியை மாற்றிவிட்டார்களாம். பிறந்தபோது ஆண் என்று பதிவானவர்கள் இனிமேல் பெண்கள் பிரிவில் ஓட முடியாது. வேண்டுமானால் ஆண்கள் பிரிவில் ஓடிக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக் கடிதம், அதில் பாதி முகவரி.

அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் சங்கத்துக்கு அலைந்தார். அங்கே இன்னொரு அணியின் கோச்சும் உட்கார்ந்திருந்தாராம். "எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு கோபமும் இல்லைங்க. ஆனா எங்க புள்ளைங்க நாலு வருஷமா நாலாவதா வருதுங்க. அதுங்க மூஞ்சிய நான்தானே பாக்கணும்" என்றாராம். மாஸ்டர் சண்டை போடத்தான் போனார். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்து மடித்து வைத்தாள்.

"ஆம்பளைங்களோட ஓடலாமாம்" என்றாள். "ஓடுனா கடைசியா வருவேன். அதுகூடப் பரவாயில்ல. ஆனா அந்தக் கோட்டுல போய் நின்னா, நான் இத்தன வருஷம் சொன்னது பொய்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிடி."

"அப்ப நாங்களும் ஓடல" என்றாள் சின்னவள்.

"செருப்பு பிஞ்சிடும். தகுதிச் சுற்றுல ஓடுனது என் காலும்தான். அது வீணாப் போகக் கூடாது. நீங்க மூணுக்குள்ள வரணும், அவ்வளவுதான்."

அக்காவின் இடத்துக்குக் காலேஜில் படிக்கிற ஒரு பெண் வந்தாள். நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. வந்த முதல் நாளே சின்னவளிடம், "உங்க அக்கா என்னத் திட்டுவாங்களா?" என்று கேட்டாள். அக்காவுக்கு மைதானத்துக்குள் வர அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அந்தப் பெண் ஓடுவதை மூன்று நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ஸ்கூட்டரில் ஏறும்போது, "இருபத்திரண்டு அடி வை. ஒண்ணு கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்றாள். மறுநாள் வைத்துப் பார்த்தார்கள். கோல் கையில் வந்து உட்கார்ந்தது. பத்து நாளும் இருபத்திரண்டு அடிதான்.

போட்டிக்கு முந்தின நாள் மாஸ்டர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார். நாளைக்குப் பார்வையாளர் பக்கம் யாராவது புது விதியை எதிர்த்துக் கோஷம் போடுவார்கள் என்று சங்கத்துக்குப் பயமாம். செக்யூரிட்டி கூடுதலாகப் போட்டிருக்கிறார்களாம். "அக்காகிட்ட சொல்லி வைம்மா" என்றார்.

சின்னவள் சாப்பிடும்போது சொன்னாள். நயமாகச் சொல்லியிருக்கலாம். "நாளைக்கு வந்தா பேசாம உக்காரு. ஏதாவது பண்ணி என் மானத்த வாங்கிடாத."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வரேன், போதுமா?"

அம்மா மட்டும் சின்னவளை ஒரு பார்வை பார்த்தாள்.

போட்டியன்று நல்ல வெயில். ஒலிபெருக்கி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. சின்னவள் கடைசி நூறு மீட்டர் தொடங்குகிற வளைவில் போய் நின்றாள். அங்கிருந்து பார்வையாளர் வரிசை கூப்பிடு தூரம்தான். இரண்டாவது வரிசையில் அக்காவும் அம்மாவும். அக்கா வாயில் விரலை வைத்துக் காட்டினாள். சின்னவள் இரண்டு வருஷமாகப் பின்னால் அந்தக் கால்களின் சத்தம் கேட்டுப் பழகியவள். இன்றைக்கு அந்தக் கால்கள் நாற்காலிக்கு அடியில் மடங்கிக் கிடக்கின்றன. கண்ணில் நீர் முட்டி மறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து, கோட்டிலிருந்து அடி அளந்து போய் டேப்பை ஒட்டினாள். காலேஜ் பெண் நூறு மீட்டர் தள்ளி, தன் இடத்தில் தன் டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது அக்காவின் குரல் கேட்டது.

அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். வார்த்தைகளை ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. குரல் மட்டும் வந்தது. நான்கு வரிசை தள்ளி ஒருவன் போனைத் தூக்கினான். இன்னொருவன் ஊளையிட்டான். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு செக்யூரிட்டிகள் படியேறி ஓடினார்கள். பக்கத்துப் பாதையில் நின்றவள் சின்னவளைப் பார்த்து, "உங்க ஆளுதானே?" என்றாள்.

சின்னவளுக்கு முகமெல்லாம் சுட்டது. சொன்னேனே, சொல்லியும் கேட்கவில்லையே, இன்றைக்குப் பார்த்தா என்று பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டி முடித்துப் பார்த்தபோது அந்த இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

துப்பாக்கி வெடித்தது. நர்ஸ் நன்றாகவே ஓடினாள், டிக்கெட்காரி அதைவிட நன்றாக ஓடினாள். காலேஜ் பெண் வளைவில் இரண்டாவதாக வந்தாள். அவள் கால் டேப்பைத் தொட்டதும் சின்னவள் பாய்ந்தாள். கையைப் பின்னால் நீட்டினாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் நாலு எட்டு. அப்போதும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் கோலை முன்னால் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, எட்டாத தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். சின்னவள் காலைத் தரையில் தேய்த்து வேகத்தைக் குறைத்தாள். கோல் கைக்கு வந்தபோது, அது கைமாறி முடிந்திருக்க வேண்டிய எல்லைக்கோடு ஓர் எட்டு பின்னால் போயிருந்தது. மூன்றாவதாக முடித்தாள். அதற்குள் வளைவில் நின்ற நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கிவிட்டார். அணி நீக்கம்.

காலேஜ் பெண் புல்லில் மண்டியிட்டு, "நான் வேகமாத்தான் வந்தேன், சத்தியமா வேகமாத்தான் வந்தேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் டேப்பை உரிக்கப் போனாள். உரிப்பதற்கு முன் என்னவோ தோன்றி, கோட்டிலிருந்து அடி வைத்து எண்ணினாள். இருபத்தாறு.

கண் மறைத்திருந்தபோது கால் தனக்குத் தெரிந்த கணக்கை வைத்திருக்கிறது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அக்கா அப்படிப் பண்ணதுல உனக்கு மனசு கலைஞ்சிருக்கும், விடும்மா" என்றார். அவள் தலையாட்டினாள். ஆட்டியிருக்கக் கூடாது.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் அக்கா நின்றிருந்தாள். சட்டையின் ஒரு கை தையல் பிரிந்து தொங்கியது. அம்மா முன்னாலேயே ஆட்டோவில் போய்விட்டாளாம்.

"இருபத்தாறு வச்சியேடி, பாவி" என்றாள் அக்கா. கோபமே இல்லை, அழுதிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. "நாலு அடி கூட. அங்கேர்ந்தே தெரிஞ்சுது எனக்கு. 'குறைடி, நாலு அடி குறை'ன்னு தொண்ட கிழியக் கத்துறேன், அதுக்குள்ள அந்த ரெண்டு தடியனுங்க வந்துட்டானுங்க. 'சார், அவ டேப்பத் தப்பா ஒட்டிட்டா'ன்னு சொல்றேன், 'கோஷமெல்லாம் வெளிய போய் போடுங்க'ங்கிறான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்." பிரிந்த சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நான் கத்துனது உன் காதுல விழவே இல்லியா?"

ஒலிபெருக்கிச் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். காற்று என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"விழுந்துச்சு" என்றாள் சின்னவள்.

"அப்புறம் ஏன்டி திரும்பிக்கிட்ட?"

"நீ கோஷம் போடுறேன்னு நெனச்சேன்."

சங்கத்துக் கடிதத்தைப் படித்தபோதுகூட அக்காவின் முகம் இப்படி ஆகவில்லை. யாரோ தெரியாதவர்கள் எழுதியது அது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சின்னவளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு உள்ள அழுதுட்டிருக்கும். அவ மேல தப்பில்லன்னு போய்ச் சொல்லு. நான் பஸ்ல போறேன்."

ரோட்டைத் தாண்டி நிறுத்தத்துக்கு நடந்தாள். சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா!" என்று கூப்பிட்டாள்.

அக்கா உடனே திரும்பினாள். அத்தனை வண்டிச் சத்தத்திலும் கேட்டுத் திரும்பினாள். "என்னடி?"

பஸ் வந்து நின்றது.

"சரி, வீட்ல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறிப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை. இதுவரைக்கும் பேசவில்லை.