சம்பந்தி விருந்தும் நடுங்கும் தரையும்

வடக்கே பெர்காமோவிலிருந்து வருங்காலச் சம்பந்தி ஓர்னெல்லா விருந்துக்கு வருவதால், நில நடுக்கத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாதென்று நுன்சியா வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் குடியிருக்கும் பொட்சுவோலி ஊரே எரிமலையின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து தரை விட்டுவிட்டு உதறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மகள் எர்சிலியா மாடி வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது நுன்சியாவின் ஆசை. அதைச் சம்பந்தி காதில் போடத்தான் இந்த விருந்து.

"இங்க ஏதோ அழுகின முட்டை வாசம் வருதே?" என்றார் ஓர்னெல்லா.

"பூமி ஏப்பம் விடுது, சம்பந்தியம்மா. நேத்து நல்ல சாப்பாடு போல" என்றான் படகில் மீன்பிடிக்கும் கணவன் ப்ரோகோலோ. நுன்சியா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"மாடியில காத்து பிச்சிக்கிட்டு வரும். பிள்ளைங்களுக்கு வாடகையும் மிச்சம்" என்று அவள் ஆரம்பித்தாள்.

அடியில் லாரி உருள்வதுபோல் ஓர் இரைச்சல் கேட்டது. வீட்டையே தூக்கிப் போட்டது. தட்டுகள் சரிந்தன.

எப்படி இறங்கினாள் என்று நுன்சியாவுக்கே தெரியாது. தெருவில் வெறுங்காலோடு நின்றபோதுதான் புரிந்தது: மகளையும் விருந்தாளியையும் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடி வந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் எர்சிலியா, ஓர்னெல்லாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பின்னால் ப்ரோகோலோ.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் நுன்சியா.

"நல்லா இருக்கே. என் காலு எழும்பியிருந்தா உங்களை முந்தியிருப்பேன்" என்றார் ஓர்னெல்லா.

"மாடி வீட்டுப் பேச்சை மறந்துடுங்க. இவ உங்க ஊர்லயே இருக்கட்டும்" என்றாள் நுன்சியா.

"அப்ப நீ?" என்றாள் எர்சிலியா.

"உங்கப்பா படகை விட்டு வருவாரா?"

"தரை உப்பித் துறையே மேல ஏறிடுச்சு, தண்ணி விலகிப் படகு சேத்துல கிடக்கு. இருந்தாலும் வரமாட்டேன்" என்றான் ப்ரோகோலோ.

கல்யாணம் பெர்காமோவில் நடந்தது. மகள் அங்கேயே தங்கிவிட்டாள். தொலைக்காட்சியில் பொட்சுவோலி பெயர் அடிபட்டால் உடனே போனில் அழைக்கிறாள்.

"எங்க இருக்கேம்மா?"

"அடுப்படியிலதான்டி. ஒண்ணுமில்ல" என்கிறாள் நுன்சியா, நடுத்தெருவில் நின்றுகொண்டு.